எம்.ஆர்.எஸ். கனகசபைக்கு வந்த தந்தி

எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சிரிப்புக்குத்தான் சொல்வார்கள். கலியாணப் பந்தலிலும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடத்திலும் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார். "மிசிஸை எம்மாரெஸ் ஆக்கின கதை தெரியுமோ?" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பத்தாம் வகுப்புச் சோதனை எழுதிய பிறகு மேலே படிக்க வழியும் இல்லை, வேலையும் இல்லை. ஓரிடத்தில் இருக்க முடியாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த இந்த இரண்டு வருடங்களில்தான் சம்பந்தப்பட்ட மூன்று பேரிடமும் தனித்தனியே கேட்டேன். கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மூவரில் முதலாமவர் ஞானசவுந்தரி. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. அவர் வேலணையில் புகையிலை பயிரிட்ட ஏரம்பு என்பவரின் மூத்த மகள். யாழ்ப்பாணப் பட்டினத்தில் விடுதியில் தங்கி ஆங்கிலத்திலேயே படித்தவர். 1957ஆம் ஆண்டு, புங்குடுதீவின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் பூவரசந்துறைப் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியையாக வந்தார். சிங்களம் மட்டுமே அரசமொழி என்ற சட்டம் வந்து ஒரு வருடமாகியிருந்தது. கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அலுவலகங்களிலிருந்து ஆங்கிலம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் தமிழில்.

"இனி இங்கிலீசு படிச்சு ஆருக்கு உத்தியோகம் கிடைக்கப்போகுது?" என்று தாய்தகப்பன்மார் கேட்டார்கள்.

"மருந்துப் போத்திலிலை எழுதியிருக்கிறதை வாசிக்கவாவது வேணுமெல்லோ" என்பாராம் மிஸ்.

அவருடைய பாடங்களில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது, சொற்கள் குறுகுவதைப் பற்றிய பாடம். கரும்பலகையில் நீளமான ஒரு சொல்லை எழுதுவார். பிறகு உள்ளங்கையால் ஒரு பக்கத்தை அழிப்பார். மிஞ்சியதை வாசிக்கச் சொல்வார். 'ஒம்னிபஸ்' என்று எழுதி முன்பாதியை அழித்தால் 'பஸ்'.

"முழுச்சொல்லுக்கு 'எல்லாருக்கும்' எண்டு பொருள். அது லத்தீன் பாசை. இப்ப மிஞ்சின துண்டுக்குத் தனியே ஒரு பொருளும் இல்லை. எங்கடை 'எல்லாருக்கும்' எண்ட சொல்லிலை 'உக்கும்' மாத்திரம் மிஞ்சினது போலை. அந்த 'உக்கும்'இலை ஏறித்தான் நாங்கள் பட்டினத்துக்குப் போறம்."

அன்று முதல் பள்ளிக்கூட வாசலில் பஸ் வந்தால் பிள்ளைகள் "உக்கும் வருது, உக்கும் வருது" என்று கத்துவார்கள். சாரதிக்குக் காரணம் தெரியாது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துத் திட்டுவார்.

'இன்புளுவென்சா'வை எழுதி இரண்டு பக்கமும் அழித்து நடுவில் 'புளு' என்பதை மட்டும் விடுவார். கிரகங்கள் மனிதரைப் பிடிப்பதைக் குறித்த சொல், குறுகிக் குறுகித் தடிமன் காய்ச்சலில் வந்து நிற்கிறது என்பார். ஆங்கிலத்தில் மட்டும் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்குத் தமிழிலிருந்தும் ஒன்று சொல்வார். 'உங்கள் அப்பர்' என்பது குறுகித்தான் 'கொப்பர்' ஆனது.

"அப்பரிட்டைச் சொல்லுவன் எண்டால் நீர் பேசாமல் இருப்பீர். கொப்பரிட்டைச் சொல்லுவன் எண்டால் ஏன் முறைக்கிறீர்? எழுத்துக் குறையேக்கை மரியாதையும் கொஞ்சம் கொட்டுப்பட்டுப் போச்சு."

குறுகிய சொல் முழுச்சொல்லின் பொருளைக் கட்டாயம் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது. அது தன்பாட்டில் வேறிடம் போய்க் குடியிருக்கும். இதுதான் அந்தப் பாடத்தின் சாரம். அதற்கு அவர் தன்னையே உதாரணமாகச் சொல்வார். 'மிஸ்ரெஸ்' என்று ஒரு சொல். வீட்டுக்கு உரியவள், எசமானி என்று பொருள். அது எழுத்தில் எம், ஆர், எஸ் என்று மூன்று எழுத்தாகக் குறுகியது. அந்த மூன்று எழுத்தையும் 'மிசிஸ்' என்று வாசித்து, மணமான பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அதே சொல் வாயில் 'மிஸ்' என்று குறுகி மணமாகாத பெண்ணுக்குப் போனது. எங்கள் நாட்டுக்கு வந்ததும் மணமானாலும் ஆகாவிட்டாலும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பெண்கள் எல்லோரும் 'மிஸ்' ஆகிவிட்டார்கள்.

1961இல் அவருக்கும் எங்கள் ஊர்க் கனகசபைக்கும் திருமணம் நடந்தது. தலைமையாசிரியர் ஒரு கிழமை கஷ்டப்பட்டு 'மிசிஸ் கனகசபை' என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிள்ளைகள் அதைக் கேட்டு ஒருவரை ஒருவர் கிள்ளிச் சிரித்தார்கள். அடுத்த கிழமை தலைமையாசிரியரும் 'மிஸ்' என்றே கூப்பிட்டார்.

கனகசபை மலைநாட்டில், பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். பிள்ளைகள் இல்லை. வருடங்கள் போகப் போக அவருக்குத் தனியே இருப்பது அலுத்துவிட்டது. மனைவி இடமாற்றம் எடுத்துக்கொண்டு பதுளைக்கு வர வேண்டும் என்றார். மிஸ் மறுத்தார். 1968ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு லீவு முழுவதும் அந்தப் பேச்சுத்தான்.

"எத்தினை வருசத்துக்கு நான் கடைச்சோறு தின்னுறது? மாற்றத்துக்கு எழுதும்."

"நான் போனால் இஞ்சை இங்கிலீசுக்கு வேறை ஆளை விடமாட்டினம். பாடமே நிண்டுபோம்."

"அப்ப உமக்குப் பள்ளிக்கூடம்தான் வேணும்."

"நான் அப்பிடிச் சொன்னனானோ?"

"சொல்லத் தேவையில்லை."

திரும்பிப் போகிற நாளில் இருவரும் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். பஸ் தூரத்தில் தெரிந்தபோது கனகசபை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "நான் அங்கை கிடந்து செத்தாலும் நீர் வரமாட்டீர்."

மிஸ் மறுமொழி சொல்லவில்லை. "வருவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். கோவத்திலை வாய் திறக்கேல்லை. பஸ்ஸும் வந்திட்டுது" என்று என்னிடம் சொன்னார். பிறகு மூன்று கடிதங்கள் எழுதினார். மூன்றுக்கும் பதில் வந்தது. ஆனால் அந்தப் பேச்சைப் பற்றி இருவரும் எழுதவில்லை.

இரண்டாமவர் எம்.ஆர்.எஸ். கனகசபை. இவரும் எங்கள் ஊரவர்தான். கனகசபையிலும் பதினைந்து வயது மூத்தவர். இவருக்கு அதே பதுளையில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. எம் என்பது முருகேசு, ஆர் என்பது இராமுப்பிள்ளை, எஸ் என்பது சின்னத்தம்பி. பூட்டன், பாட்டன், தகப்பன் மூவரையும் முன்னால் நிறுத்தி, கடைப் பலகையில் அப்படி எழுதியிருந்தார். நாளடைவில் கனகசபை உதிர்ந்துவிட்டது. ஊரில் 'எம்மாரெஸ்' என்றால் அவர்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. ஒருவர் எம்மாரெஸ். மற்றவர் மிஸ்ஸின் புருசன்.

மூன்றாமவர் இலட்சுமணன். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் ஊர் உபதபாற்கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். மிஸ்ஸிடம் படித்தவர். தந்திகள் எங்களுக்குக் கம்பியில் நேரே வருவதில்லை. பட்டினத்திலிருந்து தொலைபேசியில் வாசிப்பார்கள். இலட்சுமணன் கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதுவார். கடலுக்கு மேலால் வருகிற கம்பி. காற்றடித்தால் பொரி பொரிக்கிற சத்தம்தான் கேட்கும். அதனால் பெயரையும் ஊரையும் எழுத்தெழுத்தாகச் சொல்வது வழக்கம்.

1968 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அப்படி ஒரு தந்தி வந்தது. மறுபக்கத்தில் நின்றவர் விலாசத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னார். எம். ஆர். எஸ். பிறகு கனகசபை. பிறகு பூவரசந்துறை. இலட்சுமணன் எழுதினார். பிள்ளைப் பருவத்திலிருந்து அந்த மூன்று எழுத்தையும் அந்தப் பெயரையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தவர். கை தன்பாட்டில் மூன்று எழுத்துக்கும் பக்கத்தில் ஒவ்வொரு புள்ளி வைத்தது. ஆங்கிலத்தில் வந்த செய்தி இவ்வளவுதான்: நிலைமை மோசம், உடனே புறப்படவும், அப்புத்துரை. சொல்லுக்குச் சொல் காசு என்பதால் யாருடைய நிலைமை என்பதை அனுப்பியவர் சொல்லவில்லை. விலாசத்தைப் பார்த்தால் தெரியும் என்று நினைத்திருப்பார்.

தந்தி கொண்டுபோகும் கதிர்காமு தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஆருக்கு?"

"எம்மாரெஸ்ஸுக்கு. பதுளையிலையிருந்து. கடையிலை ஏதோ பிரச்சினை போலை."

"மனிசன் திருவிழாவுக்கெண்டு வந்து ரெண்டு நாள்தான். பாவம், வாகனம் தூக்க முந்தியே பெட்டி தூக்கப்போகுது" என்று சைக்கிளில் ஏறினார் கதிர்காமு.

எம்மாரெஸ் விறாந்தையில் கோயில் மாலைக்குப் பூப் பிரித்துக்கொண்டிருந்தார். கதிர்காமு செய்தியைச் சொன்னதும் அவருடைய மனைவி சீதேவி குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"ஐயோ, கடையை உடைச்சுப்போட்டாங்களோ?"

"வாயைப் பொத்து. அப்புத்துரை எண்டால் பக்கத்துக் கடைக்காரன். சும்மா தந்தி அடிக்கிற ஆளில்லை."

"காப்புக் கட்டின வீட்டிலையிருந்து போகலாமோ?"

"நிலைமை மோசம் எண்டிருக்கு. காப்பைப் பாக்கிறதோ கடையைப் பாக்கிறதோ?"

ஒரு மணி பஸ்ஸுக்கு அவர் பெட்டியோடு ஓடினார். பஸ் பள்ளிக்கூட வாசலில்தான் நின்றது. பிள்ளைகள் வழக்கம்போல "உக்கும் வருது" என்று கத்தினார்கள். மிஸ் வகுப்பு யன்னலால் எட்டி அவர்களை அதட்டினார். வியர்த்துப்போய் ஏறிய எம்மாரெஸ்ஸையும் பார்த்தார். "எங்கை இந்த அவசரத்திலை?" என்று கேட்க நினைத்ததாகச் சொன்னார். அந்த மனிதருடைய சட்டைப்பையில் தன்னுடைய தந்தி இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எம்மாரெஸ் பட்டினத்தில் மாலை மெயில் ரயிலில் ஏறி, பொல்காவலையில் மாறி, புதன்கிழமை பின்னேரம் பதுளை போய்ச் சேர்ந்தார். கடை திறந்திருந்தது. பொடியன்கள் சாமான் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடை அப்புத்துரையிடம் போனார். அவர் தந்தியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நான் அடிக்கேல்லை, முதலாளி. ஊரிலை ஆரோ உங்களோடை பகிடி விட்டிருக்கினம்."

அன்றிரவு முழுவதும் எம்மாரெஸ் கோபத்தில் இருந்தார். வியாழக்கிழமை காலை, கந்தோரில் வேலை செய்யும் இன்னொரு அப்புத்துரை கடைக்குச் சீனி வாங்க வந்தார். எம்மாரெஸ்ஸைக் கண்டதும் அவர் கேட்டார்: "ஊரிலையிருந்தோ வாறியள்? எங்கடை கனகசபையின்ரை மனிசியும் உங்களோடை வந்தவவோ? தந்தி அடிச்சு ரெண்டு நாளாச்சு. நெருப்புக்காய்ச்சல். ஆள் தப்பாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

எம்மாரெஸ் பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினார். அந்த அப்புத்துரை வாசித்தார். "நான் மிசிஸ் கனகசபைக்கெல்லோ அடிச்சனான்" என்றார். எம்மாரெஸ் கடையைப் பொடியன்களிடம் விட்டுவிட்டு, நேரே தபாற்கந்தோருக்குப் போய் இன்னொரு தந்தி கொடுத்தார். இந்த முறை விலாசம்: மிஸ் ஞானசவுந்தரி, பாடசாலை, பூவரசந்துறை. அதன் பிறகு ஆசுப்பத்திரிக்குப் போனார்.

இந்தத் தந்தி வழிதவறவில்லை. அன்று பதினொரு மணிக்கே மிஸ்ஸின் கைக்கு வந்தது. மாற்றிக் கட்ட ஒரு சேலையோடு அவர் புறப்பட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பதுளையில் இறங்கினார். கனகசபை அன்று மதியம் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமைத் தந்தி மிஸ்ஸிடம் வந்திருந்தால் புதன்கிழமை மாலை போயிருப்பார். இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருப்பார். கடைசி நாளில் அந்த இடத்தில் இருந்தது எம்மாரெஸ்.

ஆசுப்பத்திரி வாசலில் எம்மாரெஸ் நின்றார். மிஸ்ஸைக் கண்டதும் தலையைக் குனிந்தார்.

"அமைதியாப் போயிட்டார்."

"என்னைக் கேட்டவரோ?"

"கேட்டவர்" என்றார் எம்மாரெஸ். பிறகு, "எனக்கு வேலை கிடக்கு, சவப்பெட்டிக்குச் சொல்ல வேணும்" என்று விலகிப் போய்விட்டார்.

அடுத்த நாள் தகனத்துக்கான எல்லாவற்றையும் அவரே ஓடியோடிச் செய்தார். ஆனால் மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை. தந்தி எப்படி மாறிப்போனது என்பதையும் கந்தோர் அப்புத்துரைதான் மிஸ்ஸுக்குச் சொன்னார். எம்மாரெஸ்ஸிடமிருந்து வாங்கித் தாளையும் அவரே கொடுத்தார். மிஸ் அதைப் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டார்.

மிஸ் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் இலட்சுமணன் அவருடைய வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை.

"மிஸ், எழுத்தெழுத்தாய்ச் சொன்னவங்கள். நான் கேட்டதைத்தான் எழுதினனான்."

"நீர் கேட்டதும் சரி. எழுதினதும் சரி."

"அப்ப பிழை எங்கை, மிஸ்?"

"புள்ளியிலை" என்றார் மிஸ்.

இலட்சுமணன் சத்தம் போட்டு அழுதார். மேலதிகாரிகள் விசாரிக்க வந்தபோது மிஸ் முறைப்பாடு எழுதிக் கொடுக்கவில்லை. அந்த மூன்று எழுத்தையும் அந்தப் பெயரையும் இந்த ஊரில் பிறந்த யார் கேட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்றே சொன்னார். இலட்சுமணன் ஒரு வருடத்துக்குள் மன்னாருக்கு மாற்றம் எடுத்துப் போனார். இன்றைக்கும் எந்த விலாசத்திலும் புள்ளி வைக்க முதல் தன் கை ஒருதரம் நின்றுதான் வைக்கிறது என்று சொன்னார்.

மிஸ் வெள்ளைச் சேலையோடு மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிள்ளைகள் மறுபடி 'மிஸ்' என்றார்கள். அந்தச் சொல்லில் எதுவும் மாறவில்லை. குறுகும் சொற்களின் பாடத்தை மட்டும் அவர் பிறகு எடுக்கவில்லை.

அவருடைய மனதில் இருந்தது தந்தி மாறியது அல்ல. அதை அவர் விளங்கிக்கொண்டுவிட்டார். அவரைத் தின்றது அந்த ஒரு சொல்: 'கேட்டவர்.' என்ன கேட்டார்? தந்தி கொடுத்தும் மனைவி வரவில்லை என்றால், சித்திரையில் தான் சொன்னது சரியாகிவிட்டது என்றுதானே அவர் நினைத்திருப்பார்? அப்படி நினைத்துக்கொண்டேதான் போனாரா? அதை அறிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவரோ மிஸ்ஸைக் கண்டால் மற்றப் பக்க ஒழுங்கையால் போனார். திருவிழாவுக்கு வந்தாலும் வீதியின் எதிர்ப்பக்கத்தில் நின்றே கும்பிட்டார். "நல்லதாய் ஏதும் சொல்லியிருந்தால் எம்மாரெஸ் எனக்கு வந்து சொல்லியிருப்பார். சொல்லாமல் ஒளிக்கிறார் எண்டால் அது கேக்கக்கூடாத சொல் எண்டு நினைச்சன். கேக்கப் பயந்தன்" என்றார் மிஸ்.

இதற்கிடையில் ஊர் சிரிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு வருடம் கழித்து ஒருநாள் பஸ்ஸில் முன் ஆசனத்தில் இருந்த இரண்டு இளைஞர்கள் இந்தக் கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் எம்மாரெஸ்ஸுக்குச் சேலை கட்டிப் பொட்டும் வைத்துப் பேசினான். பின்னால் மிஸ் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. மிஸ் அடுத்த தரிப்பில் இறங்கி, கடலுக்குக் குறுக்கே போட்ட வேலணைத் தாம்போதியில் இரண்டு மைல் வெயிலில் நடந்து வந்தார்.

இப்படியே ஒன்பது வருடங்கள் போயின.

1977 ஆவணியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் எம்மாரெஸ்ஸின் கடை எரிந்தது. அகதி முகாமில் சில நாள் இருந்துவிட்டு, உடுத்த வேட்டியோடு ஊருக்கு வந்தார். காணி உறுதிகள், அடையாள அட்டை எல்லாம் கடைக்குள் எரிந்துவிட்டன. அட்டைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. ஊரில் அதை நிரப்பக்கூடியவர் மிஸ் ஒருவர்தான். ஐந்து நாள் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாராம். ஆறாம் நாள் காலை சீதேவி அவரை ஏசி மிஸ் வீட்டுக்குத் துரத்திவிட்டார்.

மிஸ் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் கைப்பையை வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ அண்ணை."

படிவத்தை வாங்கி மேசையில் விரித்தார். "முழுப்பேர் வேணுமாம். முதலெழுத்துப் போடக்கூடாதாம். எம் எண்டால்?"

"முருகேசு."

"ஆர்?"

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கிழவர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"அண்ணை, கடை போனதுக்கு ஊரெல்லாம்..."

"கடை போகட்டும். மிஸ், உங்கடை மனிசன் என்ன கேட்டவர் எண்டு நீங்கள் ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை."

மிஸ்ஸின் கையில் பேனை நின்றது. "சொல்லுங்கோ" என்றார்.

"வியாழக்கிழமை நான் ஆசுப்பத்திரி வாட்டுக்குள்ளை போறன். கடைசிக் கட்டில். முதலிலை என்னை ஆரெண்டு தெரியேல்லை. பிறகு, 'எம்மாரெஸ் அண்ணையோ' எண்டவர். 'அவ வரேல்லையோ' எண்டவர். நான் என்ன சொல்லுறது? 'வரமாட்டா, எனக்குத் தெரியும். அண்டைக்கே சொன்னனான்' எண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்."

மிஸ் ஒன்பது வருடமாகப் பயந்தது இதைத்தான்.

"அதைக் கேட்டுக்கொண்டு நிக்க எனக்கு ஏலாமப் போச்சு. அப்புத்துரையிட்டைத் தந்தியைத் திருப்பி வாங்கி வைச்சிருந்தனான். எடுத்து முகத்துக்கு நேரை பிடிச்சன். 'தம்பி, அவவுக்குத் தந்தி போகேல்லை. எனக்கெல்லோ வந்தது. என்ரை பேரெண்டு நினைச்சுப் போட்டாங்கள். இஞ்சை பாரும்' எண்டன். வாங்கிப் பாத்தார். கனநேரம் பாத்தார். பிறகு..."

"பிறகு?"

"சிரிச்சவர், மிஸ்."

"சிரிச்சவரோ?"

"ஓம். நான் பயந்துபோனன், காய்ச்சல் மூளைக்கு ஏறியிட்டுதோ எண்டு. 'அப்ப அவவுக்குத் தெரியாது' எண்டவர். ரெண்டு மூண்டு தரம் சொன்னவர். 'அவவுக்குத் தெரியாது, தெரிஞ்சால் வந்திருப்பா' எண்டவர். 'இதை அவவிட்டைச் சொல்லுங்கோ அண்ணை, வகுப்பிலை படிப்பிக்கட்டும்' எண்டவர். பிறகு நித்திரையாப் போனார். அதுக்குப் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை."

முற்றத்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மிஸ் மிக மெதுவாகக் கேட்டார்: "ஏன் அண்ணை, இவ்வளவு காலமும் ஏன் இதைச் சொல்லேல்லை?"

"செத்த வீட்டிலை நிண்டுகொண்டு, உங்கடை மனிசன் என்ரை பேரைப் பாத்துச் சிரிச்சவர் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் இருக்க வேண்டிய இடத்திலை நான் இருந்தது போதாதோ? முப்பத்தோராம் நாள் கழியச் சொல்லுவம் எண்டு நினைச்சன். அதுக்குள்ளை ஊர் சிரிக்கத் தொடங்கியிட்டுது. ஊர் சிரிக்கிற சிரிப்புக்குள்ளை அவற்றை சிரிப்பையும் கொண்டுபோய்ப் போட எனக்கு மனம் வரேல்லை."

மிஸ் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"எப்பிடிச் சிரிச்சவர்?"

எம்மாரெஸ்ஸுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "எப்பிடியெண்டால்?"

"சத்தம் வந்ததோ?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "இல்லை. சத்தம் இல்லை. வாயை மூடிக்கொண்டுதான். தோள் ரெண்டும் ஆடினது. அதாலை கட்டிலும் ஆடினது."

"ஓம்" என்றார் மிஸ். "ஓம். அவர் அப்பிடித்தான்."

பள்ளிக்கூட மணி அடித்தது. ஊரில் அந்த மணி எல்லா வீட்டுக்கும் கேட்கும். எம்மாரெஸ் எழும்பப் பார்த்தார். மிஸ் அவரைக் கையால் தடுத்தார். படிவம் பாதிப் பெயரோடு மேசையில் கிடந்தது.

"இருங்கோ அண்ணை. இன்னொருக்கால் சொல்லுங்கோ. நீங்கள் வாட்டுக்குள்ளை போனதிலையிருந்து."

எம்மாரெஸ் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்து, வியாழக்கிழமை காலையிலிருந்து தொடங்கினார்.